மலையில் வெட்டுகிற மண் நம் மடையில் வந்து விழும்

(ஸ்ரீவைகுண்டத்தில் நடந்த விவசாயிகள் விளக்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"செங்கோட்டை மலை ரோட்டைப் பத்திப் பேசுறதுக்கு ஸ்ரீவைகுண்டத்துல எதுக்கு வே கூட்டம்?" என்று நம்ம நோட்டீஸைப் பார்த்துவிட்டு டீக்கடையில் ஒருத்தர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். செங்கோட்டை எங்கே, நாம எங்கே? நடுவுல நெல்லை இருக்கு, தென்காசி இருக்கு. ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அந்த ஊர்க்காரன் வயலை அளந்தா நமக்கு என்ன என்று கேட்கத்தான் தோணும்.

அதுக்குப் பதில் ஆத்துல இருக்கு. குற்றால மலையில் பிறக்கிற சிற்றாறு, கடையநல்லூர் மேற்கே இருந்து வருகிற கருப்பாநதி, மேக்கரையிலிருந்து வருகிற அனுமன்நதி எல்லாம் சேர்ந்து கிழக்கே ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலக்குது. சீவலப்பேரிக்குக் கீழே என்ன இருக்கு? மருதூர் அணை. அதுக்கும் கீழே? நம்ம ஸ்ரீவைகுண்டம் அணை. எட்டு அணைக்கட்டில் கடைசி அணை. இதைத் தாண்டினா புன்னைக்காயல், கடல். ஆகவே செங்கோட்டை, கடையநல்லூர் பக்கம் மலையடிவாரத்தில் புல்டோசர் ஒரு கரையைச் சரித்தால், அந்த மண்ணுக்கு வேற வழி கிடையாது. நம்ம அணைக்குத்தான் வந்து சேரணும். மேலே இருக்கிறவனுக்குத் தண்ணி முதல்ல. கடைசியில இருக்கிற நமக்கு மண்ணு முதல்ல.

மண்ணுக்கு எவ்வளவு வலு உண்டு என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வடகால் கடைசியில் கொற்கை இருக்கே, அது ஒரு காலத்தில் கடற்கரைத் துறைமுகம். பாண்டியனுக்கு முத்து கொடுத்த ஊர். இன்னைக்கு அங்கே நின்று பார்த்தால் வாழையும் நெல்லும்தான் தெரியும். கடல் பல கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. எந்தப் படையும் வந்து அதை அழிக்கவில்லை. இந்த ஆறு கொண்டுவந்த வண்டல் தூர்த்துவிட்டது. அதுக்குப் பிறகு வந்த காயல் துறைமுகத்துக்கும் அதே கதிதான். அது பல நூறு வருஷத்தில் நடந்தது. மிஷினை வைத்து மலையைக் குடைந்தால் அவ்வளவு வருஷம் ஆகாது.

1870-களில் கட்டி முடித்த நம்ம அணை 25 ஆயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் கொடுக்கிற அணை. 50-க்கு மேற்பட்ட குளங்களுக்குத் தண்ணி இங்கிருந்துதான் போகுது. பெருங்குளம், பேய்க்குளம், சிவகளை, கடம்பாகுளம், ஆத்தூர் என்று பேர் சொல்லிக்கொண்டே போகலாம். எட்டடி ஆழம் இருக்க வேண்டிய அணை, தூர்ந்து மேடாகிக் கிடந்ததை நாம எல்லாரும் பார்த்தோம். 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்ட பிறகுதான் தூர்வாரும் வேலையே தொடங்கியது. அப்பவும் தூர் எடுக்கிறோம் என்ற பேரில் மணல் போகுது என்று நாம ரோட்டில் உட்கார வேண்டியிருந்தது. அந்தக் கதையை இன்னொரு நாள் பேசுவோம். ஒரு அணையைத் தூர்வார நூறு வருஷத்துக்கு மேல் காத்துக்கிடந்தவர்கள் நாம. மேலே இருந்து இன்னொரு தடவை மண் இறங்கினால் அதை அள்ள எத்தனை தலைமுறை காத்திருப்பது?

இப்ப அந்த ரோட்டுக்கு வருவோம்.

திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம், செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியாகக் கொல்லம் போகிற ரோடு. முன்னே தேசிய நெடுஞ்சாலை 208 என்றிருந்தது, இப்ப 744. மொத்தம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். ரெண்டு மாநிலத்தை மலை வழியாகச் சேர்க்கிற ரோடு. இதை நாலுவழியாக்குகிற திட்டத்தில் ராஜபாளையத்திலிருந்து செங்கோட்டை வரைக்கும், 70 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்துக்கு, பழைய ரோட்டை விட்டுவிட்டுப் புதுசாக வயல் வழியாகக் கோடு போட்டார்கள். கேரளப் பக்கத்திலும் கடம்பாட்டுகோணம் தொட்டு ஆரியங்காவு வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டருக்குப் புது ரோடு என்று திட்டம். நில எடுப்பு அறிவிப்பு வந்ததும் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் விவசாயிகள் எழுந்து நின்றார்கள். "ரோடு வேணாம்னு சொல்லல, இருக்கிற ரோட்டை அகலப்படுத்துங்க" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதைத்தான் நாமும் கேட்கிறோம்.

ஏன்னா நாம ரோட்டுக்கு விரோதி கிடையாது. இதை மேடையில் சும்மா சொல்லவில்லை. ஏரல் பக்கம் வெட்டுகிற ஏத்தன் தார் எங்கே போகுது? கேரளத்துக்கு. எந்த வழியா? இதே புளியரை வழியாத்தான் பெரும்பாலும் போகுது. தூத்துக்குடி உப்பு அந்த வழியாப் போகுது. நம்ம துறைமுகத்தில் இறங்குகிற முந்திரிக்கொட்டை கொல்லத்து ஃபேக்டரிகளுக்கு அந்த மலை ஏறித்தான் போகுது. லாரி நாலு மணி நேரம் மலையில் நின்றால் தார் கறுத்துப்போகும், விலையில் அடி விழும். கோட்டைவாசல் எஸ் வளைவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏறுகிற லாரிக்கும் இறங்குகிற லாரிக்கும் ஒரு முழம் இடைவெளி இருக்காது. 2024 பிப்ரவரி 25 ராத்திரி, கேரளத்திலிருந்து பிளைவுட் ஏற்றி இறங்கி வந்த லாரி ஒன்று அந்த வளைவில் உருண்டு கீழே தண்டவாளத்திலேயே விழுந்தது. டிரைவர் அங்கேயே செத்துப்போனார். பக்கத்தில் குடியிருந்த வயசான கணவனும் மனைவியும் டார்ச் லைட்டைக் காட்டிக்கொண்டு தண்டவாளத்தில் ஓடி, எதிரே வந்த ரயிலை நிறுத்தினார்கள். அரசாங்கம் 5 லட்சம் ரூபாய் கொடுத்துப் பாராட்டியது. நல்ல காரியம். ஆனா ரெண்டு வயசாளிகளின் டார்ச் லைட்டை நம்பி ஒரு மலைப்பாதை ஓடக்கூடாது. அந்த வளைவைச் சரி பண்ணணும், அங்கே ரோடு அகலமாகணும், தடுப்புச் சுவர் வேணும். யார் வேண்டாம் என்றது?

நம்ம சண்டை எந்த இடத்தில், எப்படிப் போடுகிறார்கள் என்பதில். இதே மலையில் இன்னொரு வழியும் இருக்கு, எல்லாரும் ரயிலில் போகும்போது பார்த்திருப்பீர்கள். 1904-ல் போட்ட கொல்லம் – செங்கோட்டை ரயில் பாதை. கழுதுருட்டியில் பதிமூணு கண் பாலம். பள்ளத்தைக் கல்லும் மண்ணும் கொட்டி மேடாக்காமல், கண் வைத்துக் கட்டினார்கள். தண்ணி தன் வழியில் போச்சு. மீட்டர் கேஜ் போய் 2018-ல் அகல ரயில் வந்த பிறகும் அந்தப் பாலம் நிக்குது. வெள்ளைக்காரன் நமக்கு நல்லது செய்ய வந்தவன் இல்லை, தேயிலையும் மரமும் அவனுக்கு வேணும், அதுக்காகப் போட்டான். ஆனாலும் மலையில் தண்ணிக்கு வழி விடணும் என்ற அறிவு அவனுக்கு இருந்தது.

இன்னைக்கு என்ன நடக்குது? 2024 ஜூலை 16 அன்று கர்நாடகத்தில் அங்கோலா பக்கம் ஷிரூரில், நாலுவழிக்காக மலையை வெட்டின இடத்தில், மழைக்குக் குன்று அப்படியே சரிந்தது. ரோட்டோர டீக்கடை, நின்ற வண்டிகள், ஆட்கள் எல்லாம் கங்காவளி ஆத்துக்குள் போயின. கோழிக்கோட்டு லாரி டிரைவர் ஒருத்தரின் உடல் லாரியோடு செப்டம்பரில்தான் கிடைத்தது, ரெண்டு மாசத்துக்கு மேலே. நம்ம பையன்களும் அந்தக் கடற்கரை ரோட்டில் லாரி ஓட்டுகிறவர்கள்தான்.

அடுத்த வருஷம், 2025 மே 19, கேரளத்தில் மலப்புறம் மாவட்டம் கூரியாடு. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்க, ஏன்னா அது வயல். நம்ம வயல் மாதிரியே தண்ணி நிக்கிற, சேறு உள்ள நிலம். அதன் மேலே மண்ணைக் கொட்டி உயரமாக மேடு கட்டி நாலுவழிக்கு மேலே ரோடு போட்டார்கள். அடியிலுள்ள சேறு அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. ரோடு உட்கார்ந்து வெடித்து, பக்கத்து சர்வீஸ் ரோட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்த ஊர்க்காரர்கள் முன்னாலேயே சொன்னார்கள், இங்கே மண் மேடு நிக்காது, தூண் வைத்துப் பாலமாகக் கட்டுங்க என்று. கேட்கவில்லை. விழுந்த பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? அதே இடத்தில் தூண் பாலம்தான் கட்டணும், அதுவும் கட்டின கம்பெனி சொந்தச் செலவில் என்று நெடுஞ்சாலை ஆணையமே சொன்னது. வயலில் ஏர் ஓட்டினவனுக்குத் தெரிஞ்ச விஷயத்தை இன்ஜினியருக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு ரோடு விழ வேண்டியிருந்தது.

நம்ம ஊருக்கு இது புதுசா? 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருஷத்து மழைக்கு மேலே. குளம் உடைந்தது. தாதன்குளம் பக்கம் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியும் மண்ணும் அரித்துக்கொண்டு போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. செந்தூர் எக்ஸ்பிரஸில் வந்த ஏறக்குறைய 800 பேர் நம்ம ஸ்டேஷனில் ரெண்டு ராத்திரி கிடந்தார்கள். நம்ம வீட்டிலேயே தண்ணி நின்றபோது, பக்கத்து கிராமத்து ஜனங்கள் அவர்களுக்குச் சோறு பொங்கிக் கொடுத்தார்கள். ஏரல் பாலத்துக்குச் சேர்கிற ரோடு அறுத்துக்கொண்டு போச்சு. தண்ணி வடிந்த பிறகு வயலுக்குப் போய்ப் பார்த்தால் நெல்லைக் காணோம், வாழையைக் காணோம், வரப்பைக் காணோம். முழங்கால் அளவு மணல். நட்டத்துக்குக் கொடுத்த பணத்தில் அந்த மணலை அள்ளி வெளியே போடக்கூட முடியலை.

அந்த ராத்திரி தண்ணிக்குக் குறுக்கே எதெல்லாம் மேடாக நின்றதோ, அதெல்லாம் ரெண்டு காரியம் செய்தது. உடையுற வரைக்கும் மேற்கே உள்ளவனை முக்கியது. உடைந்த பிறகு கிழக்கே உள்ளவனை அடித்தது. இப்ப மலையடிவாரத்தில், வடக்கே தெற்கே, 70 கிலோமீட்டருக்கு ஒரு மேடு கட்டப்போகிறேன் என்கிறார்கள். தண்ணி மேற்கே இருந்து கிழக்கே போகணும். ஒவ்வொரு ஓடைக்கும், ஒவ்வொரு மறுகாலுக்கும், ஒவ்வொரு கால்வாய்க்கும் அந்த மேட்டில் எத்தனை கண், எவ்வளவு அகலம்? வரைபடத்தில் ஒரு குழாயைப் போட்டுக் காட்டினால் முடிந்ததா? குப்பையும் வாழைத்தடையும் வந்து அடைத்தால் அந்தக் குழாய் எத்தனை நிமிஷம் தாங்கும்? சாதாரண மழைக்குக் கணக்குப் போட்டு வைத்த கண் 2023 மழைக்குப் போதுமா?

மேடு கட்ட மண் எங்கே இருந்து வரும் என்பது அடுத்த கேள்வி. நாம தோராயமாகக் கணக்குப் போட்டோம். 30 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்று வையுங்க. ஒரு கிலோமீட்டருக்கு 90 ஆயிரம் கன மீட்டர். நம்ம பாஷையில் 30 ஆயிரம் யூனிட்டுக்கு மேலே. டிப்பருக்கு நாலு யூனிட் என்றால் எட்டாயிரம் நடை, அதுவும் ஒரே ஒரு கிலோமீட்டருக்கு. இவ்வளவு மண்ணும் குளத்திலிருந்தும் புன்செய்க் காட்டிலிருந்தும்தான் வரணும். குளத்தில் கரம்பை எடுக்க நாம ஒரு டிராக்டர் கொண்டுபோனால் எத்தனை கையெழுத்து கேட்கிறார்கள்! ரோட்டுக்கு மண் எடுக்க மட்டும் சுற்றுச்சூழல் அனுமதியே வேண்டாம் என்று மத்திய அரசு 2020 மார்ச்சில் ஒரு உத்தரவு போட்டது. ஊரடங்கு நேரம், யாரும் வெளியே வர முடியாத நேரம். அந்த விதிவிலக்கை உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 21-ல் ரத்து செய்தது. ஆகவே உங்க ஊர்க் குளத்தில் மிஷின் இறங்கினால், எந்த உத்தரவு, எத்தனை அடி ஆழம், எத்தனை யூனிட் என்று நகல் கேளுங்க. உத்தரவைக் காட்டாத மிஷினுக்கு மடையில் வேலை இல்லை.

கல்லும் அப்படித்தான். விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2-ல் திறந்தாச்சு. அந்தக் கடலில் கொட்டின கல்லில் நம்ம தென்மாவட்டக் குவாரிக் கல்லும் உண்டு. 2022 மே 14 ராத்திரி நெல்லை பக்கம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து நாலு தொழிலாளிகள் செத்தார்கள். ரோடு, துறைமுகம் எல்லாத்துக்கும் ஜல்லி வேணும்தான். அந்த ஜல்லி யார் தலையில் விழுந்து வருது என்றும் கேட்கணும்.

நிலக் கணக்குக்கு வருவோம். நாலுவழிக்கு 45 முதல் 60 மீட்டர் அகலம் எடுக்கிறார்கள். 60 மீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 15 ஏக்கர். பழைய ரோட்டின் ரெண்டு பக்கமும் எடுத்தால் கொஞ்சம் போதும், ஏற்கெனவே ரோடு நிக்கிற இடம் கையில் இருக்கு. ஊருக்குள் கடை, வீடு போகும் என்கிறார்கள். அந்த ஊருக்கு மட்டும் புறவழி போடுங்க. அதுக்காக நன்செய் முழுக்க ஊடறுத்துப் போகணுமா? ரோடு எடுத்துக்கொண்ட நிலம் மட்டுமா போகுது? இந்தப் பக்கம் கிணறு, அந்தப் பக்கம் வயல். நடுவுல டோல் கட்டின கார் பறக்கும். மாட்டை ஓட்டிக்கொண்டு எங்கே தாண்டுவது? அரை ஏக்கர் போனவனுக்குப் பணம் கொடுப்பான். மடை அடைபட்ட பத்து ஏக்கர்க்காரனுக்கு ஒரு பைசா கிடையாது.

இதைச் சொன்னால் "வளர்ச்சிக்கு எதிரி" என்று பட்டம் கட்டுவார்கள். 2018-ல் சேலம் – சென்னை எட்டுவழிச் சாலைக்கும் அப்படித்தான் சொன்னார்கள். 277 கிலோமீட்டர், 10 ஆயிரம் கோடி ரூபாய். மலையையும் காட்டையும் வயலையும் அறுத்துக்கொண்டு போகிற திட்டம். விடிகிறதுக்கு முன்னாலே போலீஸோடு வந்து கல் ஊன்றினார்கள். அழுத பொம்பளைகளைத் தூக்கி வேனில் போட்டார்கள். அவர்கள் விடவில்லை, கோர்ட்டுக்குப் போனார்கள். 2019 ஏப்ரல் 8-ல் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம், முதல் அறிவிப்பு செல்லும், வேண்டுமானால் மேற்கொண்டு நடத்தலாம் என்றது. ஆனாலும் விவசாயி பேரை அவசரமாக ஆவணத்திலிருந்து மாற்றினது செல்லாது என்பதை உறுதி பண்ணியது. முழு வெற்றி என்று சொல்ல மாட்டோம். ஆனா பட்டாவில் அவன் பேர் திரும்ப வந்தது. எழுதிக் கொடுத்தவனுக்குத்தான் கோர்ட்டில் நிக்க இடம் கிடைத்தது. வாயால் திட்டினவனுக்கு இல்லை.

அதனால் இதைக் குறித்துக்கொள்ளுங்க. மேற்கே உள்ள நம்ம சொந்தக்காரர்களுக்கும் சொல்லுங்க. பொண்ணு கொடுத்தது, எடுத்தது எல்லாம் அந்தப் பக்கம்தானே. தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது 1956-ம் வருஷச் சட்டம். முதலில் 3ஏ அறிவிப்பு அரசிதழில் வரும், ரெண்டு பேப்பரிலும் போடுவார்கள், அதில் ஒண்ணு தமிழ் பேப்பர். அரசிதழில் வந்த நாளிலிருந்து 21 நாள்தான் ஆட்சேபணைக்கு நேரம். வி.ஏ.ஓ. வந்து சொல்வார், தபால் வரும் என்று உட்கார்ந்திருந்தால் 21 நாள் போயிடும். ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்து, வாங்கினதுக்குக் கையெழுத்தும் சீலும் வாங்கணும். நேரில் விசாரிக்கச் சொல்லிக் கேட்கணும், அது சட்டத்தில் உள்ள உரிமை. "நிலம் தர மாட்டேன்" என்று ஒரே வரி எழுதினால் ஒரே வரியில் தள்ளுபடி பண்ணுவான். என் வயலுக்கு இந்த மடையிலிருந்து தண்ணி வருது, ரோடு இந்த இடத்தில் அதை அடைக்குது, இந்த ஓடையில் இவ்வளவு தண்ணி வந்தது என்று சர்வே எண்ணோடு எழுதணும்.

அடுத்தது 3டி. அது வந்துவிட்டால் நிலம் மத்திய அரசுக்குச் சொந்தம். 3ஏ வந்து ஒரு வருஷத்துக்குள் 3டி வரவில்லை என்றால் பழைய அறிவிப்பு காலாவதி. தேதியைப் பார்த்துக்கொண்டே இருங்க. பணம் பேசுவது 3ஜி. 2015 ஜனவரி 1 முதல், 2013-ம் வருஷ நில எடுப்புச் சட்டத்தில் உள்ள இழப்பீட்டுக் கணக்குதான் இதுக்கும். சந்தை மதிப்பு, அதுக்கு மேல் நூறு சதவீதம் ஆறுதல் தொகை. மரம், கிணறு, மோட்டார், பைப்லைன் எல்லாம் தனிக் கணக்கு. போதாது என்றால் மத்தியஸ்தரிடம் போகலாம். பணத்தை வாங்கினாலும் ஆட்சேபணையோடு வாங்குகிறேன் என்று எழுதிவிட்டு வாங்குங்க.

நம்ம பக்கத்தில் பெரும்பாலும் குத்தகைச் சாகுபடி. கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூர்க்காரர் நிலம். நாப்பது வருஷமாக வாழை வைக்கிறவன் பேர் எந்தத் தாளிலும் இருக்காது. நாளைக்கு நம்ம பக்கமே ஒரு ரோடோ, குழாயோ வந்தால் பணம் பட்டாக்காரருக்குப் போகும், உழுதவன் வாய்க்கால் கரையில் நிப்பான். 1969-ம் வருஷக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் என்று ஒண்ணு இருக்கு. தாசில்தாரிடம் மனுக் கொடுத்துப் பேரைப் பதியணும். நிலக்காரர் மனசு நோகும் என்று தயங்கினால், நோகப்போவது உங்க பிள்ளைகள்தான்.

கோரிக்கை இதுதான். செங்கோட்டை ரோட்டைப் பழைய தடத்திலேயே அகலப்படுத்து. ஓடையும் வயலும் குறுக்கிடுகிற இடத்தில் மண் மேடு வேண்டாம், தூண் வைத்துப் பாலம் கட்டு. மலையில் வெட்டின மண்ணை ஓடையில் தள்ளாதே, எங்கே கொட்டுகிறாய் என்று எழுதிக் கொடு. சிற்றாறு, தாமிரபரணிப் பாசன விவசாயிகளை, கடைசி அணைக்காரனான எங்களையும் சேர்த்து, உட்கார வைத்துப் பேசு.

இதைக் கலெக்டர் ஆபீஸில் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கப் போறோம். தனித்தனியா வேண்டாம், குளம் வாரியாக வாங்க. பட்டா, அடங்கல், குத்தகை ரசீது நகல் கொண்டுவாங்க. இன்னொரு வேலையும் இருக்கு. ஒவ்வொரு ஊரிலும் 2023 வெள்ளத்தில் தண்ணி எவ்வளவு உயரம் நின்றது என்று சுவரில் கறை இன்னும் தெரியுது. சுண்ணாம்பு அடிக்கிறதுக்கு முன்னே டேப் வைத்து அளந்து, ஊர்ப் பேர், தெருப் பேர், எத்தனை அடி, எந்தக் குளத்துத் தண்ணி என்று நோட்டில் எழுதுங்க. கடையநல்லூர்க்காரர்களும் அவங்க ஓடைக் கணக்கை எழுதிட்டு வரணும்னு சொல்லியனுப்பியிருக்கோம். ரெண்டு நோட்டையும் ஒண்ணா மேசையில் வைக்கணும். வடகால் ஊர்களின் நோட்டு பெருங்குளத்தில் சேரட்டும், தென்கால் நோட்டு தென்திருப்பேரையில். யார் வாங்கி வைப்பது என்று கலைகிறதுக்கு முன்னாலே பேசி முடிச்சுக்குவோம்.